அளத்துக்கு லீவு, எனக்குப் பரீட்சை

சித்திரை மாதத்து சாயங்காலம். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழு மாத வயிறு. கை உயர்த்தினால் மூச்சு வாங்கும். முதல் தூறல் முழங்கையில் விழுந்தது. நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

மற்ற ஊர்களில் கோடை மழை வந்தால் மண்வாசனை என்பார்கள், பிள்ளைகளை நனைய விடுவார்கள். மரக்காணத்தில் எங்கள் தெருவில் அப்படியில்லை. தெரு முழுக்க உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அளம் என்றுதான் சொல்வார்கள். என் மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையைப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

மழை வலுத்தது. வாரிக் குவித்து வைத்த உப்பையாவது கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடலாம். பாத்தியில் விளைந்து கிடக்கிற உப்பை என்ன செய்வது? கண் முன்னாலேயே கரைந்து போகும். ஆண்கள் மூடுவதற்கு ஓடினார்கள். பெண்கள் வாசலில் நின்று பொருமினார்கள். நான் துணிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன். மறுநாள் எனக்குக் கடைசி வருடத்து வேதியியல் பிராக்டிகல் பரீட்சை.

மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சற்றுமுன் அழாத குறையாக நின்ற அதே பெண்கள்தான். எனக்குச் சட்டென்று விஷயம் புரிந்துவிட்டது. வயிற்றுக்குள் இருந்தவளுக்கும் புரிந்ததோ என்னவோ, ஓர் உதை விட்டாள்.

மழை வந்தால் விசேஷம்

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தை பிறந்து, வெயில் ஏற ஆரம்பித்தால் அளத்தில் ஓய்வு கிடையாது. விடிவதற்கு வெகுநேரம் முன்னால் எழுந்து போய், வெயில் சுடுவதற்குள் வாரி முடித்துத் திரும்புவார்கள். வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தால் பிணம் மாதிரித் தூக்கம். கல்யாணமெல்லாம் அடைமழை பெய்கிற ஐப்பசி கார்த்திகையில்தான் வைப்பார்கள்.

ஆனால் எல்லாம் கார்த்திகைக்காகக் காத்திருக்குமா? காது குத்து, பெண் பார்ப்பது, பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்து என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அதற்கெல்லாம் எங்கள் தெருவில் ஒரே பதில். மழை வரட்டும், பார்க்கலாம். சீசனில் ஒரு மழை அடித்தால் தண்ணீர் வடிந்து, மறுபடியும் உப்புத் தண்ணீர் பாய்ச்சி, பாத்தி பக்குவமாகும்வரை வேலை இல்லை. பிழைப்பில் அடி விழுந்தது விழுந்ததுதான். கிடைத்த லீவை வீணாக்குவானேன் என்று மறுநாளே பந்தல் போட்டுவிடுவார்கள்.

நான் பிறந்த பிரம்மதேசத்தில் நாங்கள் விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் மழை பெய்தால்தான் வேலை தொடங்கும். மழைக்கு லீவு விடுகிற ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, வருடம் ஒன்றாகியும் எனக்கு அது பழகவே இல்லை.

அன்று வாசலில் முடிவாகியிருந்தது என் வளைகாப்பு. ஏழாம் மாதம் முடிய இன்னும் சில நாள்தான். எட்டில் செய்யக் கூடாது. ஒன்பதில் செய்வது அவர்கள் வழக்கமில்லை. ஆகவே நாளைக் காலை. நேரம் பார்த்தாயிற்று, ஒன்பது மணிக்கு மேல் நல்ல நேரம். என் அம்மாவுக்குப் போன் போட்டுப் புளிசாதம், தயிர்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வரச் சொல்லியாயிற்று. வளையல்காரருக்கும் ஆள் போயாயிற்று. வளையல் போட்டுக்கொள்ளப் போகிற கையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நான் வெளியே போய், அத்தை, நாளைக்கு எனக்குப் பிராக்டிகல், காலையிலிருந்து சாயங்காலம்வரை என்றேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"மழை பெய்ஞ்சிருக்குதே. உங்க காலேஜ மூட மாட்டாங்களா?"

காலேஜும் கல்யாணமும்

எனக்குக் கல்யாணம் நடந்தபோது இரண்டாவது வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய நேரம். ஒரே பெண்ணைக் கரையேற்றிவிட்டால் நிம்மதி என்று பிடிவாதமாக இருந்தார். நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் நடுவில் மாமியாராக வரப்போகிறவரைப் பார்த்து, படிப்பை முடிக்க விடுவீர்களா என்று நானே கேட்டுவிட்டேன். அம்மா பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினாள். அந்த அம்மாள் காப்பியை உறிஞ்சிவிட்டு, முடிக்க வைக்கிறோம் என்று சொன்னார். அவ்வளவுதான் பேச்சு.

சொன்னபடி விடத்தான் செய்தார்கள். அதற்காக வீட்டு வேலை தானாக நடந்துவிடுமா? அத்தை அளத்திலிருந்து வருவதற்குள் கஞ்சியும் குழம்பும் ஆகியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் குமார் லோடு வண்டி ஓட்டுகிறவர். உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு எந்த நேரம் போவார், எந்த நேரம் வருவார் என்று அவருக்கே தெரியாது. நான் சமைத்து, பாத்திரம் கழுவி, தலை சீவி, பஸ் ஸ்டாப்புக்கு ஓடுவேன். திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அன்று எனக்குத் திருவிழா. அங்கிருந்து காலேஜுக்கு இன்னும் கொஞ்ச தூரம்.

நாள் தள்ளிப்போன பிறகு அந்த பஸ் பயணம் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். கருவாட்டுக் கூடை ஒன்று ஏறினால் போதும், நான் இறங்கிவிட வேண்டும். நடுவழியில் இறங்கி, புளியமரத்தடியில் வாந்தியெடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய், முதல் வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியே வருகிற நேரத்தில் உள்ளே நுழைவேன். லேபில் அமோனியா பாட்டிலைத் திறந்தால் நான் ஜன்னலுக்கு ஓடுவேன். கூடப் படித்த பெண்கள் மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். பையன்கள் என்னைப் பார்த்தாலே வழிவிட்டு ஒதுங்கினார்கள். இருபது வயதில் எனக்கு அது அவமானமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பையன்கள் மேல் பாசம்தான் வருகிறது.

இதற்கு நடுவில் உப்புக் கதை வேறு. கால் வீங்குகிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொன்னார். வந்து வீட்டில் சொன்னேன். அத்தைக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஊருக்கே உப்பு கொடுக்கிற வீட்டில் மருமகளுக்கு உப்பு வேண்டாமாமா என்று பக்கத்து வீட்டில் போய் ஆற்றிக்கொண்டார். ஆனாலும் அன்றிலிருந்து எனக்கென்று தனிச் சட்டியில் சப்பென்று ஒரு குழம்பு. அளத்திலிருந்து வந்த களைப்போடு அதை அவரேதான் வைத்தார். நான் வைத்தால் தெரியாமல் ஒரு கல் போட்டுக்கொள்வேன் என்று அவருக்குச் சந்தேகம். சந்தேகம் சரிதான்.

நான் என்ன படிக்கிறேன் என்று ஒருநாள் கேட்டார். ஒரு திரவத்தில் கரைந்திருப்பதைப் படிய வைத்து, வடிகட்டி, காய வைத்து, எடை போட்டு அளவு சொல்ல வேண்டும் என்றேன். அதுதான் பரீட்சையில் வரும். அத்தைக்குச் சிரித்து மாளவில்லை. அதத்தானே நாங்களும் பண்றோம், இதுக்கு பஸ்ஸுல வேற போவணுமா என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

பந்தலுக்கு முன்னால்

அந்த ராத்திரி குமாரிடம் சண்டை போட்டேன். அவர் அம்மாவிடம் பேச வேண்டியது அவர் பொறுப்பு என்றேன். அவர் வழக்கம்போல, நீயே பேசேன், உனக்குத்தான் நல்லா பேச வருது என்றார். நல்ல மனுஷர். ஆனால் இரண்டு பெண்களுக்கு நடுவில் நிற்க வேண்டுமென்றால் அவருக்கு வண்டியில் ஏதாவது ரிப்பேர் வந்துவிடும்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிராக்டிகலை விட்டால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் கையில் குழந்தை இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அரியர் வைத்துவிட்டு, எழுதலாம், எழுதலாம் என்று இருந்து அப்படியே நின்றுபோன அக்காக்களை எனக்குத் தெரியும். ஒருத்திகூடத் திரும்பி வரவில்லை. என்னால் அந்த வரிசையில் போய் நிற்க முடியாது என்று மட்டும் தெளிவாக இருந்தது.

காலையில் குளித்து, புடவை கட்டி, லேப் கோட்டை மடித்துப் பையில் வைத்தேன். வாசலில் பந்தல் தயார். பக்கத்து வீட்டுப் பெண்கள் தலை நிறையப் பூவோடு வந்துவிட்டார்கள். தாம்பாளத்தில் வளையல், சந்தனம், குங்குமம் எல்லாம் இருந்தன. நான் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் போய் எழுதிவிட்டு வருகிறேன், அதன்பிறகு எது வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றேன். அத்தை தலை நிமிராமல் நான் உட்கார வேண்டிய மனைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சரியாக அந்த நேரத்தில் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். தூக்கு, பாத்திரம், கூடை என்று ஒரு கல்யாணச் சீர். விடிய விடியக் கிளறியிருக்கிறாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் தோளில் பையைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. எனக்குத் துணைக்கு ஓர் ஆள் வந்தது என்று நான் நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் அசட்டுத்தனம்.

அம்மா கூடையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "கட்டிக் குடுத்தப்பவே எனக்குத் தெரியும், படிப்பு இதோட நின்னுடும்னு. நல்ல நாள்ல அழுவாத. போய் மனையில உட்காரு கோமதி."

மனை துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அத்தை நிமிர்ந்தார்.

"யாரு நின்னுடும்னு சொன்னது?"

அம்மா சமாளிக்கப் பார்த்தாள். ஊர் நடப்பைத்தான் சொன்னேன், உங்களைச் சொல்லவில்லை என்றாள். அத்தை விடவில்லை.

"உங்க வூட்டுல உட்கார்ந்து, உங்க காப்பியக் குடிச்சிட்டு நான் வாக்கு குடுத்தேன். மழை பெய்ஞ்சா என் உப்பு கரையும். வாக்குமா கரைஞ்சிடும், சம்மந்தி?"

அத்தை தாம்பாளத்திலிருந்து வேப்பங்குச்சியை வளைத்துக் கட்டிய காப்பை எடுத்தார். கண்ணாடி வளையலுக்கெல்லாம் முன்னால் முதலில் போடுவது அதுதான். நல்ல நேரம் இன்னும் வரவில்லையே என்று அம்மா முனகினாள். அம்மன் காப்புக்கு நேரம் ஏது என்று சொல்லிக்கொண்டே அத்தை என் வலது கையில் மாட்டிவிட்டார். காப்பு போட்டாச்சு, வளைகாப்பு தொடங்கியாச்சு, மிச்சம் சாயங்காலம் என்று பந்தலுக்கு அறிவித்துவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டார். குமார் அதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்திருந்தார்.

படிப்பின் மேல் திடீர்ப் பிரியம் வந்து அத்தை என்னை அனுப்பினார் என்று நான் கதை கட்ட மாட்டேன். பிரம்மதேசத்துக்காரி முன்னால் தன் பேச்சு பொய்யாகிவிடக் கூடாது. ரோஷம், வேறொன்றுமில்லை. அந்த ரோஷத்துக்குக் கோயில் கட்டினாலும் தகும்.

லேபில் ஒரு வேப்பங்காப்பு

பஸ் போய்விட்டது. உப்பு மூட்டைக்குப் பதில் அன்று லோடு வண்டியில் நான். பள்ளம் வரும்போதெல்லாம் குமார் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவா, மெதுவா என்றார். வண்டி ஓட்டுகிறவர் அவர், மெதுவாகப் போக வேண்டியதும் அவர். என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?

கதவை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். லேப் உதவியாளர் எங்கிருந்தோ ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். அன்று அமோனியா என்னை ஒன்றும் செய்யவில்லை. கை அசையும்போதெல்லாம் வேப்பிலை வாசம் வந்தது, அதை மோந்துகொண்டே வேலை செய்தேன். படிவு அடியில் இறங்கக் காத்திருந்தபோது வீட்டுப் பந்தல் ஞாபகம் வந்தது. எல்லோரும் போயிருப்பார்கள், அம்மா அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். எடை போட்டு, கணக்குப் போட்டு, விடையை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது பாதம் இரண்டும் செருப்புக்குள் நுழையவில்லை. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

தெருவில் ஒருத்தியும் போகவில்லை. பந்தலிலேயே உட்கார்ந்து பேசி, சிரித்து, மதியத்துக்குப் புளிசாதத்தைக் காலி செய்து, வாடின பூவை எடுத்துவிட்டு வேறு பூ வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தயிர்சாதம் புளித்துப் போயிருந்தது. அதற்காக அம்மா கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைப்பதற்குள் ஆளாளுக்கு வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கினார்கள். உப்பு வாரி வாரிக் காய்த்துப்போன விரல்கள். கண்ணாடி உடைந்துவிடுமோ என்று அவ்வளவு மெல்லப் போட்டார்கள்.

அன்றே அம்மாவோடு கிளம்ப வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நானும் சொல்லவில்லை. அத்தை பந்தலைப் பிரிக்கப் போய்விட்டார்.

பிரம்மதேசம் ஸ்டாப்

பிராக்டிகல் முடிந்ததே தவிர, எழுத்துப் பரீட்சை மொத்தமும் பாக்கி இருந்தது. அம்மா வேறு ஒரு சட்டம் கொண்டுவந்தாள். வளையல் போட்டு அழைத்து வந்த பெண் பிள்ளை பெறும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகலாம். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

முதல் பரீட்சையன்று காலை நான் பாட்டுக்குக் கிளம்பி ஸ்டாப்புக்கு நடந்தேன். அம்மா அடுக்களையில் இருந்தவள், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். நடுரோட்டில் என் பையைப் பிடித்துக்கொண்டாள். திட்டவில்லை, அழுதாள். அப்போதுதான் மனதில் இருந்தது வெளியே வந்தது.

"வழியில உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் மாமியாருக்கு நான் இன்னாடி பதில் சொல்றது? என் பொறுப்புலதானே வுட்டிருக்காங்க."

எனக்கு அந்தக் கணம் எல்லாம் விட்டுப்போயிற்று. அவளுக்குப் படிப்பின் மேல் பகை இல்லை, பயம். அதே பயம் எனக்கும் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பையை அவளிடமே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். இதோடு போகட்டும் என்று ஒரு அடி திரும்பியும் விட்டேன்.

மரக்காணத்திலிருந்து வருகிற பஸ் வந்து நின்றது. ஜன்னலில் அத்தை.

மழைத் தண்ணீர் வடிந்து அளத்தில் மறுபடி வேலை தொடங்கியிருந்த சமயம் அது. வீட்டுக்கே போகாமல் அளத்திலிருந்து நேராக ஏறியிருக்கிறார். தலையில் கட்டிய துண்டு அப்படியே இருந்தது. முழங்கைவரை உப்பு பூத்து வெள்ளையாகக் கிடந்தது. எங்கள் இருவரையும் பார்த்தார். அம்மா கையில் என் பையைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் பதில் சொல்ல வாணாம், சம்மந்தி. நானே கூடப் போறேன்," என்றார். பிறகு என்னிடம், "ஏறு. எடம் போட்டு வெச்சிருக்கேன்."

நான் ஏறினேன். உட்கார்ந்து திரும்பினால், அம்மா படியில் நிற்கிறாள். அடுக்களைப் புடவை, காலில் செருப்பில்லை, கையில் என் பை. வந்து என் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அத்தை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் நடுவில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓர் எழுத்தும் தெரியாமல் அழுதேன்.

கண்டக்டர் அப்போதுதான் எங்கள் வரிசைக்கு டிக்கெட் போட வந்து நின்றார். அம்மா இடுப்பில் சுருக்குப் பையைத் தடவினாள். வீட்டிலேயே விட்டு வந்திருக்கிறாள். அத்தை அவள் பக்கம் திரும்பாமலே முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"திண்டிவனம் மூணு," என்றார்.